சிறிய நாடுகளுக்கு நவீன ஆயுதம் தேவையா? எதை வாங்குவது, எதை விடுவது

2019 டிசம்பர் கடைசியில் ஆர்மேனியாவில் நான்கு புத்தம்புதிய போர் விமானங்கள் வந்திறங்கின. ரஷ்யத் தயாரிப்பான சுகோய்-30எஸ்எம். சுமார் முப்பது லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு அது பெரிய கொள்முதல். அரசும் அதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டது. ஒன்பது மாதம் கழித்து, 2020 செப்டம்பர் 27 அன்று, நகோர்னோ-கராபாக் பகுதிக்காக அஜர்பைஜானுடன் போர் மூண்டது. 44 நாள் நடந்த அந்தப் போரில் அந்த நான்கு விமானங்களும் சண்டையில் இறங்கவே இல்லை. காரணம் மறு ஆண்டு மார்ச்சில் பிரதமர் நிகோல் பஷின்யான் வாயிலிருந்தே வெளிவந்தது. விமானங்களோடு அவற்றுக்குரிய ஏவுகணைகள் வாங்கப்படவில்லை. போர் தொடங்குவதற்குள் வாங்கவும் முடியவில்லை.

அதே போரில் எதிர்த்தரப்பு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். அஜர்பைஜான் பழைய அன்-2 விமானங்களை ஆளில்லாமல் பறக்கும்படி மாற்றி முன்வரிசைக்கு மேலே அனுப்பியது. 1940களில் வடிவமைக்கப்பட்டு, வயலுக்கு மருந்து தெளிக்கப் பயன்பட்டுவந்த இரட்டை இறக்கை விமானம் அது. அதைச் சுட்டு வீழ்த்த ஆர்மேனியர்கள் ராடாரை இயக்கியதும் அந்த ராடார் இருக்கும் இடம் தெரிந்துபோனது. மேலே காத்திருந்த துருக்கியின் பைரக்தார் டிபி2 டிரோன்களும், இலக்கில் மோதி வெடிக்கும் இஸ்ரேலிய ஹாரோப் டிரோன்களும் அங்கே பாய்ந்தன. ஒரு பக்கம் ஏவுகணை இல்லாத நவீன விமானம், மறுபக்கம் டிரோனோடு சேர்ந்து வேலை செய்த மருந்தடிக்கும் விமானம்.

சிறிய நாடுகள் நவீன ராணுவத் தளவாடங்களுக்குச் செலவு செய்யலாமா என்ற பேச்சு வந்தாலே, ஒரு சாரார் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் காட்டி வேண்டாம் என்கிறார்கள். இன்னொரு சாரார் உக்ரைனைக் காட்டி வேண்டும் என்கிறார்கள். நான் இரண்டாம் பக்கம். செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால் நவீனம் என்ற பெயரில் ஆயுதச் சந்தையில் விற்கப்படுவதில் பெரும்பகுதி சிறிய நாட்டுக்கு உதவாது. சிறிய நாடு போரில் ஜெயித்தாக வேண்டும் என்பதில்லை. தாக்க நினைப்பவருக்கு இது கட்டுப்படியாகாது என்று தோன்ற வைக்க வேண்டும். அதையும் மீறி வந்தால், உதவி வந்து சேரும்வரை விழாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பயன்படாத தளவாடம் எவ்வளவு புதியதானாலும் வீண் செலவுதான்.

வேண்டாம் என்பவர்கள் முதலில் காட்டும் நாடு கோஸ்டா ரிகா. காட்டத் தகுந்த நாடுதான். 1948 டிசம்பர் 1 அன்று, தலைநகர் சான் ஹொசேயில் இருந்த படைமுகாமின் சுவரை ஹொசே ஃபிகெரஸ் சம்மட்டியால் அடித்து உடைத்தார். உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சிக்கு வந்தவர், ராணுவத்தையே கலைத்துவிட்டார். மறு ஆண்டு வந்த அரசியல் சட்டத்தின் 12ஆவது பிரிவு நிரந்தர ராணுவத்துக்குத் தடை போட்டது. அந்த முகாம் இன்று தேசிய அருங்காட்சியகம். அண்டை நாடுகள் ராணுவ ஆட்சியிலும் உள்நாட்டுப் போரிலும் ரத்தம் சிந்திய காலத்தில் இங்கே தேர்தல் வழியாகவே ஆட்சி மாறிவந்தது. பணம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் போனது. துப்பாக்கி வெளி எதிரியை நோக்கித் திரும்புவதைவிடச் சொந்த மக்களை நோக்கித் திரும்பியதே அதிகமாக இருந்த ஒரு வட்டாரத்தில் அது மிகச் சரியான முடிவு.

ஆனால் கதையின் மறுபாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. சுவர் உடைந்த பத்து நாளுக்குள் நிகராகுவாவிலிருந்து ஆயுதக் குழு ஒன்று எல்லை தாண்டி வந்தது. அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் ஒன்றை யாராவது தாக்கினால் மற்றவை துணைக்கு வர வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் ரியோ ஒப்பந்தம். கோஸ்டா ரிகா அதைச் சுட்டிக்காட்டி அமெரிக்க நாடுகள் அமைப்பிடம் முறையிட்டது. அமைப்பு தலையிட்ட பிறகே அது அடங்கியது. 2010இல் எல்லை ஆற்றின் முகத்துவாரத்தில் நிகராகுவாவோடு மறுபடியும் தகராறு. இம்முறை வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நிலம் கோஸ்டா ரிகாவுடையதே என்று 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2018இல் நீதிமன்றம் இழப்பீட்டுத் தொகையை நிர்ணயித்தது. நிகராகுவா அதைக் கட்டவும் செய்தது. ஆக, ராணுவம் இல்லாத நாட்டையும் ஏதோ ஒரு அரண் காத்துத்தான் நின்றது: கைகொடுக்கும் ஒப்பந்தம், அதை மதிக்க வைக்கும் வல்லரசின் நிழல், தீர்ப்புக்குக் கட்டுப்படும் அண்டை நாடு. இவை எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை.

வாய்க்காதபோது என்ன ஆகும்?

1939 இலையுதிர்காலத்தில் சோவியத் யூனியன் நான்கு சிறிய நாடுகளிடம் ஏறத்தாழ ஒரே மாதிரிக் கோரிக்கையை வைத்தது. உங்கள் நிலத்தில் எங்கள் படைத்தளத்துக்கு இடம் கொடுங்கள் என்பதே சாரம். எஸ்தோனியாவும் லாத்வியாவும் லிதுவேனியாவும் வேறு வழியில்லாமல் கையெழுத்திட்டன. அடுத்த ஜூனில் மூன்றும் ஆக்கிரமிக்கப்பட்டன, ஆகஸ்டில் சோவியத் யூனியனோடு சேர்க்கப்பட்டன; மீண்டு வர 1991 ஆயிற்று. ஃபின்லாந்து மறுத்தது. நவம்பர் 30 அன்று தாக்குதல் தொடங்கியது. 105 நாள் போருக்குப் பின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிலத்தை ஃபின்லாந்து இழந்தது, சுமார் 25,000 பேரைப் பலிகொடுத்தது. நாடு பிழைத்துக்கொண்டது.

அந்தப் பலி எண்ணிக்கை இவ்வளவு ஆகியிருக்க வேண்டியதில்லை. 1930களில் தளபதி மன்னர்ஹெய்ம் தளவாடத்துக்கு நிதி கேட்டுக்கொண்டே இருந்தார்; அரசு குறைத்துக் குறைத்தே கொடுத்தது. போர் வந்தபோது டாங்கி எதிர்ப்புப் பீரங்கி கையில் போதுமான அளவு இல்லை. அரசு மதுபான நிறுவனத்தின் ராயமாக்கி ஆலையில் பாட்டில்களில் எரிபொருள் கலவையை நிரப்பி, பக்கவாட்டில் காற்றுக்கு அணையாத தீக்குச்சிகளைக் கட்டி, லட்சக்கணக்கில் போர்முனைக்கு அனுப்பினார்கள். பாட்டிலை எறிய டாங்கிக்குப் பக்கத்தில் போயாக வேண்டும். பீரங்கிக்கு ஒதுக்காமல் மிச்சம் பிடித்த பணத்துக்கு, பனியில் தவழ்ந்துபோன இளைஞர்கள் விலை கொடுத்தார்கள். பாதுகாப்புச் செலவே கூடாது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

பணம் மட்டும் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை உள்ளே நுழைந்தபோது குவைத்திடம் பிரெஞ்சு மிராஜ் விமானங்களும் பிரிட்டிஷ் டாங்கிகளும் அமெரிக்க ஹாக் ஏவுகணைகளும் இருந்தன. இரண்டு நாளில் நாடு விழுந்தது. பெரிய நாடுகள் அணிதிரண்டு வந்து மீட்க ஏழு மாதம் பிடித்தது. எண்ணெய் இல்லாத நாடாக இருந்திருந்தால் அந்த அணி திரண்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

எது நவீனம்?

ஐஸ்லாந்துக்கு ராணுவம் கிடையாது. ஆனால் 1972இல் அதன் கடலோரக் காவல்படையிடம் ஒரு கருவி இருந்தது: கப்பலின் பின்னால் நீருக்கடியில் இழுத்துச் செல்லக்கூடிய, கூர் வைத்த இரும்புக் கொக்கி. தன் மீன்பிடி எல்லைக்குள் வந்த பிரிட்டிஷ் இழுவைப் படகின் பின்பக்கமாகக் காவல் கப்பல் குறுக்கே போகும். படகையும் வலையையும் இணைக்கும் எஃகு வடம் கொக்கியில் மாட்டி அறுந்துவிடும். வலையும் அதிலிருந்த மீனும் கடலுக்கு அடியில் போய்விடும். படகுக்காரருக்கு அன்றைய பிழைப்பு போயிற்று, உயிர் போகவில்லை. உலகின் பெரிய கடற்படைகளில் ஒன்றான பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பல்களையே காவலுக்கு அனுப்பிப் பார்த்தது. ஐஸ்லாந்து நேட்டோவை விட்டு விலகுவோம் என்ற மிரட்டலையும் சேர்த்துக்கொண்டது. 1976 ஜூனில் 200 மைல் எல்லையை பிரிட்டன் ஏற்றது. எதிராளிக்கு வலிக்கும் இடம் எது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றுக்கு மட்டும் கருவி செய்திருந்தார்கள்.

நார்வேயில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். 1940 ஏப்ரல் 9 அதிகாலை, ஜெர்மனியின் புளூஷர் என்ற கனரகப் போர்க்கப்பல் ஆஸ்லோவை நோக்கிக் கடல் கால்வாயில் நுழைந்தது. படையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத கப்பல். கால்வாய் குறுகும் இடத்தில் ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டை. அங்கிருந்த 28 சென்டிமீட்டர் பீரங்கிகள் 1890களில் க்ரூப் ஆலையிலிருந்து வந்தவை. தீவின் பாறைக்குள் மறைத்து வைத்திருந்த டார்பிடோக்களுக்கும் கிட்டத்தட்ட நாற்பது வயது. தளபதி பிர்கர் எரிக்சன் மேலிட உத்தரவுக்குக் காத்திருக்காமல் சுடச் சொன்னார். பீரங்கிகள் இரண்டு முறை வெடித்தன, டார்பிடோக்கள் பாய்ந்தன, புளூஷர் மூழ்கியது. அதனால் கிடைத்த சில மணி நேரத்தில் அரசரும் அமைச்சரவையும் நாடாளுமன்றமும் தலைநகரை விட்டு வெளியேறினார்கள், நாட்டின் தங்கக் கையிருப்பும் வெளியே போனது. நார்வே பிறகு வீழ்ந்தது என்பது உண்மை. ஆனால் சரணடைந்த அரசாக இல்லாமல் லண்டனிலிருந்து போரிடும் அரசாக அது தொடர முடிந்தது. அதே காலையில் டென்மார்க் சில மணி நேரத்தில் சரணடைந்திருந்தது.

இன்றைய காலத்துக்கு வந்தால் கருங்கடலைப் பார்க்கலாம். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் உக்ரைன் தன் கடற்படையின் மிகப் பெரிய கப்பலைத் தானே மூழ்கடித்தது, எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக. ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 14 அன்று, கரையிலிருந்து லாரியில் வைத்து ஏவப்பட்ட இரண்டு நெப்டியூன் ஏவுகணைகளால் அடிபட்ட ரஷ்யாவின் மாஸ்க்வா கப்பல் மூழ்கியது. 186 மீட்டர் நீளமான கப்பல் அது. அதன் பிறகு வந்தவை வெடிமருந்து ஏற்றிய ஆளில்லாப் படகுகள். கப்பலே இல்லாத கடற்படை ரஷ்யக் கப்பல்களைக் கருங்கடலின் கிழக்கு மூலைக்குத் தள்ளியது. இந்தக் கணக்கைப் பல நாடுகள் புரிந்துகொண்டிருக்கின்றன. பிலிப்பைன்ஸ் 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்குக் கரையிலிருந்து கப்பலைத் தாக்கும் பிரம்மோஸ் ஏவுகணைகளை இந்தியாவிடம் வாங்க ஒப்பந்தம் போட்டது. பெரிய போர்க்கப்பல் ஒன்றின் விலையைவிடக் குறைவான தொகை அது. எதிரியின் கப்பல் கரைக்கு எவ்வளவு நெருங்கலாம் என்ற முடிவை அது மாற்றிவிடுகிறது.

மலிவான டிரோன் வந்துவிட்டதால் இனி சிறியவர்கள் காலம் என்று முடிவுகட்டுவது அவசரம். அதே டிரோன் பெரியவர்களிடமும் இருக்கிறது, பன்மடங்கு எண்ணிக்கையில். ஒரு பேட்ரியாட் தடுப்பு ஏவுகணையின் விலை சுமார் 40 லட்சம் டாலர். அதை எதிர்த்து வரும் ஷாஹெத் டிரோனுக்குச் சில பத்தாயிரம் டாலர்தான். ஒவ்வொரு டிரோனையும் பேட்ரியாட்டால் அடித்துக்கொண்டிருந்தால் சிறிய நாடு சில வாரத்தில் ஓட்டாண்டியாகிவிடும். ராடாரோடு இணைத்த துப்பாக்கிகள், சிக்னலைக் குழப்பும் கருவிகள், டிரோனை மோதி வீழ்த்தும் டிரோன்கள் என்று மலிவான அடுக்கு முதலில் வர வேண்டும். விலையுயர்ந்த ஏவுகணையைப் பெரிய அச்சுறுத்தலுக்கென்று பத்திரப்படுத்த வேண்டும். பல நாடுகள் மேல் அடுக்கை வாங்கிவிட்டுக் கீழ் அடுக்கை மறந்துவிடுகின்றன.

யானை வாங்குவதும் தீனி போடுவதும்

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்போது செய்தியில் வரும் தொகை, யானையின் விலை. தீனிச் செலவு அதில் இல்லை. போர் விமானம் முப்பது ஆண்டு ஓட வேண்டும். அதன் மொத்த ஆயுட்காலச் செலவில் பாதிக்கு மேல் எரிபொருள், உதிரிபாகம், பராமரிப்பு, மென்பொருள், விமானி பயிற்சி ஆகியவற்றுக்கே போகிறது. தென்னாப்பிரிக்கா சிறிய நாடு அல்ல. 1999 ஆயுத ஒப்பந்தத்தில் அது 26 கிரிப்பென் விமானங்களை வாங்கியது. பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்க முடியாமல் 2021இன் பிற்பகுதியிலிருந்து ஓராண்டு வாக்கில் அத்தனையும் தரையிலேயே நின்றன. அந்தப் பேரத்தின் ஊழல் வழக்குகள் நாட்டின் அரசியலை இன்றுவரை அரித்துக்கொண்டிருக்கின்றன. அந்த அளவு நாட்டுக்கே இந்த நிலை.

குண்டுக் கையிருப்பும் இப்படித்தான். 1982 ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாக் கடற்படையின் விமானப் பிரிவிடம் இருந்தவை, பிரான்ஸ் கொடுத்திருந்த, விமானத்திலிருந்து ஏவும் எக்ஸோசெட் ஏவுகணைகள் ஐந்தே ஐந்து. ஷெஃபீல்டு என்ற போர்க்கப்பலையும் அட்லான்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலையும் அவை முடித்தன. ஆர்டர் செய்த மீதியை பிரான்ஸ் நிறுத்திவைத்துவிட்டது. ஆயுதம் உங்களுடையது, அதன் சாவி விற்றவரிடம். உக்ரைனிலிருந்த ஜெர்மன் கெபார்டு பீரங்கிகளுக்கான சுவிஸ் குண்டுகளை அனுப்ப 2022இல் ஜெர்மனி அனுமதி கேட்டது. நடுநிலைமையைக் காரணம் காட்டி சுவிட்சர்லாந்து மறுத்தது. ஜெர்மனி சொந்த மண்ணில் புதிய உற்பத்தியைத் தொடங்கிய பிறகே அந்தத் தட்டுப்பாடு தணிந்தது. பெரிய தொழில்வளம் உள்ள ஜெர்மனியால் அது முடிந்தது. சிறிய நாட்டால் முடியாது. ஆகவே எந்த ஆயுதம் என்று பார்க்கும் முன் அதன் குண்டை எத்தனை நாடுகள் செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

வாங்கும் இடத்தில் நடக்கும் கொள்ளை தனி. தான்சானியா 2000களின் தொடக்கத்தில் 2.8 கோடி பவுண்டுக்கு பிரிட்டிஷ் நிறுவனமான பிஏஇயிடம் ராணுவத் தரத்தில் ராடார் வாங்கியது. அந்த ஏழை நாட்டுக்கு இது தேவைக்கு மீறியது என்று உலக வங்கி அப்போதே எதிர்த்தது. பிறகு விசாரணை வந்தது. கணக்குகளைச் சரியாக வைக்கவில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. தான்சானியக் கல்விக்கென்று 2.95 கோடி பவுண்டு கொடுத்தது. பணம் பள்ளிப் புத்தகமாக வந்து சேர்ந்தது. பெரும்பாலான நாடுகளில் வந்து சேர்வதில்லை. ராணுவ ரகசியம் என்ற திரை இருக்கும்வரை இந்தத் துறையில் தரகுப்பணம் ஒழியாது. குண்டின் எண்ணிக்கையை ரகசியமாக வைக்கலாம், விலையை நாடாளுமன்றத்திடம் மறைக்க எந்த நியாயமும் இல்லை.

விமானமே வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவு. 2004இல் நேட்டோவில் சேர்ந்த மூன்று பால்டிக் நாடுகளுக்கும் சொந்தப் போர் விமானம் இல்லை. கூட்டணி நாடுகள் முறைவைத்து வந்து அவற்றின் வானத்தைக் காக்கின்றன. அப்படி மிச்சமாகும் பணத்தை அவை பீரங்கிக்கும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைக்கும் தன்னார்வப் படைக்கும் போடுகின்றன. நியூசிலாந்து 2001இல் தன் போர் விமானப் பிரிவையே கலைத்தது. தொலைவில் உள்ள தீவு என்பதால் அதற்கு அது சரிப்பட்டது.

கத்தார் எதிர்த்திசையில் போனது. சுமார் முப்பது லட்சம் பேர் வாழும் அந்த நாடு ரஃபேல், டைஃபூன், எஃப்-15 என்று மூன்று ரகங்களில் நூற்றை நெருங்கும் விமானங்களை வாங்கியது. மத்திய கிழக்கின் மிகப் பெரிய அமெரிக்கத் தளமும் அங்கேதான் இருக்கிறது. 2025 ஜூனில் அந்தத் தளத்தை நோக்கி ஈரான் ஏவிய ஏவுகணைகளைப் பெரும்பாலும் தடுக்க முடிந்தது. செப்டம்பர் 9 அன்று தோஹாவில் ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்து இஸ்ரேல் தாக்கியபோது எதுவும் தடுக்கவில்லை. மூன்று ரகத்துக்கும் மூன்று விதமான உதிரிபாகமும் பயிற்சியும் வேண்டும் என்பது ஒருபுறம். தாக்குபவர் யாராக இருக்கக்கூடும் என்ற கணிப்பு பிசகினால், வாங்கிய கருவிகள் அந்தத் திசையைப் பார்த்து நிற்பதே இல்லை என்பது மறுபுறம்.

தீவு நாடுகளுக்குக் கேள்வியே வேறு. கிரிபாஸ் நாட்டின் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். அதன் கடல் உரிமைப் பகுதி சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். நாட்டின் வருமானத்தில் பெரும்பங்கு மீன்பிடி உரிமக் கட்டணம். அங்கே எதிரி திருட்டு மீன்பிடிப் படகு. ரோந்துக் கப்பல், செயற்கைக்கோள் படம், கடலைச் சுற்றிப் பார்க்க ஒரு விமானம் ஆகியவைதான் அந்த நாட்டின் பாதுகாப்புத் தளவாடம். ஆஸ்திரேலியா 1987இலிருந்து பசிபிக் நாடுகளுக்கு ரோந்துக் கப்பல்களைக் கொடுத்துவருவது இதற்காகத்தான். மாலத்தீவில் 1988 நவம்பர் 3 அன்று ஆட்சியைப் பிடிக்க வந்தவர்கள் சுமார் 80 கூலிப்படையினர். அன்றிரவே இந்தியப் பாராசூட் படை வந்திறங்கியதால் ஆட்சி தப்பியது. அத்தகைய நாட்டுக்கு அதிபர் மாளிகையைச் சில மணி நேரம் காக்கும் பயிற்சி பெற்ற சிறு படைதான் தேவை.

எல்லாவற்றிலும் ஆள் முக்கியம். சிங்கப்பூர் 1967இல் கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதம் வாக்கில் பாதுகாப்புக்கு ஒதுக்குகிறது. அதன் விமானங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் திட்டமிடவும் சொந்த ஆட்களை ஐம்பது ஆண்டுக்கும் மேலாக வளர்த்தெடுத்ததே அந்த நாட்டின் பலம். ஆள் முக்கியம் என்றால் தலை எண்ணிக்கை முக்கியம் என்று பொருள் கொள்ளக் கூடாது. போர் முடிந்து பல ஆண்டாகியும் பெரும்படையைச் சுமந்துவந்த இலங்கை, பொருளாதாரம் நொறுங்கிய பிறகே, 2023 ஜனவரியில், தரைப்படையை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று அறிவித்தது. சம்பளமும் ஓய்வூதியமும் பட்ஜெட்டைத் தின்றுவிட்டால் நவீனமாக்க எதுவும் மிஞ்சாது.

பெரிய கொள்முதலைச் சிறிய நாடு எப்படிச் செய்யலாம் என்பதற்கு நான் மறுபடியும் ஃபின்லாந்தைத்தான் சொல்வேன். 55 லட்சம் மக்கள், ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. 2021 டிசம்பரில் 64 எஃப்-35 விமானங்களை வாங்க அது முடிவெடுத்தது. விலையுயர்ந்த விமானம்தான், அந்த எல்லைக்கு அது அவசியம் என்று அவர்கள் கருதினார்கள். கவனிக்க வேண்டியது தேர்வு நடந்த விதம். ஐந்து நிறுவனங்கள் போட்டியிட்டன. எந்த விமானம் சிறந்தது என்ற கேள்வியை முதலில் எழுப்பவே இல்லை. எல்லை மூடப்பட்டாலும் உதிரிபாகமும் பராமரிப்பும் உள்நாட்டிலேயே கிடைக்குமா, உள்ளூர்த் தொழிலுக்குப் பங்கு உண்டா, ஆண்டுக்குச் சுமார் 25 கோடி யூரோவுக்குள் ஓட்ட முடியுமா என்ற மூன்று வாசல்களையும் தாண்டிய விமானங்களை மட்டுமே போர்த்திறனுக்காக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வாசலில் தடுக்கினாலும் போட்டியிலிருந்து வெளியேற வேண்டியதுதான், விமானம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் சரி.